மூடிய இடது கண்

அரூர்ப் பாத்திரக்கடை வாசலில் பித்தளைக் குடங்களில் பெயர் வெட்டும் காளியப்பன் எதையும் வாய்விட்டுச் சொல்லித்தர மாட்டார். எதிரே உட்கார்ந்து பார்த்தே பழகினான் கம்பைநல்லூர் சவுரியப்பன். உளியின் சாய்வு, சுத்தியலின் தட்டு, இடது கண்ணை மூடிக்கொள்வது, எல்லாமே அவரைப் போலத்தான். எழுத்து நேராக வருவதற்குள் கழுத்துவலி உயிரை எடுத்தது.

ஒருநாள் பொறுமை போய்க் கேட்டான்: “அந்தக் கண்ண எதுக்குங்க மூடிக்கிறீங்க?”

“நான் எங்கப்பா மூடறேன்? அம்மையில போன கண்ணு அது.”

மறுநாள் சவுரியப்பன் இரண்டு கண்ணையும் திறந்து வெட்டினான். எழுத்து கோணிக்கொண்டு போனது. திட்டிக்கொண்டே மறுபடி மூடினான்.

பல வருஷம் கழித்து, 1975-இல், அவனைப் பார்த்துப் பழக வந்த தர்மனும் இடது கண்ணை மூடினான்.

“கண்ணத் தொறய்யா!” என்று கத்தினான் சவுரியப்பன், தன் கண்ணைத் திறக்காமலே.