கருப்பராயனுக்குப் பெரிய கட்டு

ஒரு மனுஷன் சுருட்டை எந்த அளவில் வாங்குகிறான் என்று பார்த்தாலே அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடலாம் என்பது என் பெரியப்பாவின் கட்சி. கோவிந்தாபுரத்துப் பெட்டிக்கடையில் சுருட்டு மூன்று விதமாகக் கிடைக்கும். கண்ணாடி ஜாடியிலிருந்து எடுத்துத் தரும் உதிரி, சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னப் பொட்டலம், பழுப்புத்தாள் சுற்றிச் சணல் கட்டிய பெரிய கட்டு. மொபெட்டை நிறுத்திவிட்டு, வந்து போகிறவர்களையெல்லாம் எனக்குக் கண்ணால் காட்டுவார்.

"பொட்டலம் வாங்கறவன் ஊட்டுக்குத் தெரியாம குடிக்கறவன் கண்ணு. உதிரியா வாங்கறவன் நாளைக்கே நிறுத்தீருவேன்னு நம்பிட்டிருக்கறவன். பெரிய கட்டு வாங்கறவன் ஒண்ணு லாரிக்காரன், இல்லீன்னா இனி நிறுத்தி என்ன ஆகப்போவுதுன்னு உட்டுட்டவன்."

"நீங்க எதுங்க பெரீப்பா?"

"நான் லாரி இல்லாத லாரிக்காரன்" என்று சொல்லி, பெரிய கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்புவார்.

பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மாட்டுக்கொட்டகைதான். நான் சாப்பிடுவதும் சண்டை போடுவதும் பெரும்பாலும் அந்த வீட்டில்தான். நான் நாலாவது படிக்கும்போது பெரியப்பாவுக்கு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. பக்கத்து டவுனான சித்தூரில் டாக்டர் சுருட்டை அடியோடு விடச் சொன்னார். டாக்டர் சொன்னது பெரியப்பாவிடம் என்றாலும் கேட்டுக்கொண்டது பெரியம்மாதான். அன்றைக்கே வீட்டில் இருந்த சுருட்டெல்லாம் வெந்நீர் அடுப்புக்குள் போயிற்று. கடைக்காரருக்கும் தாக்கீது போனது.

பெரியப்பா அசரவில்லை. எங்கள் வயல் வரப்போரம் பனைமரத்தடியில் கருப்பராயன் இருக்கிறார். அமாவாசைக்கு அமாவாசை அவருக்குப் பூசை. குடும்பத்தில் மூத்தவர் என்பதால் பெரியப்பாதான் பூசாரி. பொரி, தேங்காய், பழத்தோடு சுருட்டும் வைத்துத்தான் ஆகவேண்டும். அது தாத்தா காலத்துக்கும் முன்னாலிருந்து வருகிற வழக்கம். பெரியப்பா கடைக்காரரிடம் சாமிக்கு என்று சொல்லிப் பெரிய கட்டாக வாங்கிவந்து சாமி முன்னால் வைத்தார். ஒன்றை உருவிப் பற்றவைத்துக் கல்லுக்குப் பக்கத்தில் செருகினார். மிச்சத்தை விபூதி தூவித் துண்டில் முடிந்துகொண்டார். பிரசாதம்! அதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது, குப்பையில் போடக்கூடாது, அடுப்பில் போடவே கூடாது. பெரியம்மாவுக்கோ சாமி என்றால் அப்படி ஒரு பயம். அடுத்த அமாவாசை வரைக்கும் பெரியப்பா மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து பயபக்தியோடு பிரசாதம் சாப்பிட்டார்.

அடுத்த அமாவாசைக்குப் பெரியம்மாவே கடைக்குப் போய் ஒற்றைச் சுருட்டு வாங்கிவந்து தாம்பாளத்தில் வைத்தார்.

"ஏனுங்க, சாமிக்கு இருக்கறது ஒரு வாய்தானுங்க? ஒண்ணு போதும்."

"கருப்பராயனுக்கு உதிரியா? காட்டுக்கே காவல் நிக்கற சாமிய பிச்சைக்காரனாக்கிப் போட்டியே புள்ள!"

"சாமி கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கறனுங்க."

சாமி கேட்கவில்லை. ஒன்றிலேயே காலம் ஓடியது. அதிலும் பெரியப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். சாமிச் சுருட்டைப் பற்றவைக்க இரண்டு இழுப்பு இழுக்க வேண்டுமல்லவா? அந்த இரண்டு இழுப்பு நீண்டுகொண்டே போனது. மழைக்காலத்தில் கருப்பராயனுக்குக் கிடைத்தது சுருட்டின் அடித்துண்டுதான். பெரியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு முறைப்பார். நான் பெரியப்பா பக்கம். பெரிய கட்டு திரும்பி வரவேண்டும், பெரியப்பா ஜெயிக்கவேண்டும் என்று கருப்பராயனிடமே வேண்டிக்கொண்டேன்.

இருமலில் ரத்தம் வந்தபோது அப்பாவும் பெரியம்மாவும் அவரைப் பொள்ளாச்சி வழியாகக் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்ததும் நான் ஓடினேன். பெரியப்பா உற்சாகமாகத்தான் இருந்தார்.

"சளி கட்டியிருக்குதாமா கண்ணு. மருந்துல கரைஞ்சுருமாமா. என்னை வெளிய உக்கார வெச்சுட்டு உன்ற பெரீம்மாகிட்டத்தான் டாக்டர் அத்தன நேரம் பேசுனாரு. பத்தியம் சொல்லியிருப்பாரு. இனி ரசஞ்சோறுதான் நமக்கு."

பெரியம்மா கைகால் கழுவப் போனார். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிளம்பினார். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

அந்த அமாவாசைக்குச் சாயங்காலமே நாங்கள் மூவரும் வயலுக்குப் போனோம். பெரியப்பா நின்று நின்று நடந்தார். நான் தேங்காயைத் தூக்கிக்கொண்டேன். பனைமரத்தடியில் பெரியம்மா கூடையை இறக்கி, மேலே மூடியிருந்த துணியை எடுத்தார். பொரிக்கு மேல் பழுப்புத்தாள் சுற்றிச் சணல் கட்டிய பெரிய கட்டு இருந்தது.

நான் குதித்தேவிட்டேன்.

பெரியப்பா கட்டைப் பார்த்தார். பிறகு பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா குனிந்து பழத்தைச் சீப்பிலிருந்து பிய்த்துக்கொண்டே இருந்தார். தேவைக்கு மேல் பிய்த்துவிட்டார்.

"எத்தன நாளைக்குத்தானுங்க சாமிய ஏமாத்தறது" என்றார், தலை நிமிராமல். "உங்களுக்கும் ஆசையா இருக்குமல்லங்க."

பெரியப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கட்டைப் பிரித்து ஒன்றை மட்டும் உருவினார். வாயில் வைக்கவில்லை, சூடத் தீயிலேயே காட்டிப் பற்றவைத்தார். அது பற்ற வெகுநேரமானது. கல்லுக்குப் பக்கத்தில் செருகிவிட்டு, மிச்சக் கட்டை மறுபடி சணலால் கட்டிப் பெரியம்மா கையில் கொடுத்தார்.

"நீ சொன்னதுதான் சரி புள்ள. சாமிக்கு ஒண்ணு போதும். இத ஊட்ல பத்திரமா வெய்யி. மாசம் ஒண்ணு எடுத்துட்டு வந்து நீயே வெய்யி."

"நானா? ஏனுங்க, பூசாரி நீங்கதானுங்க?"

"இப்பவே சொல்லி வெக்கறேன்" என்றார் பெரியப்பா.

பெரியம்மா கட்டை மடியில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்கள் அப்படி ஒட்டி உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெகுநாளுக்குப் பிறகு கருப்பராயன் அன்றைக்குத்தான் ஒரு முழுச் சுருட்டைக் குடித்தார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. எத்தனை நாள் வேண்டுதல்! ஜெயித்த பிறகு கட்டைத் திருப்பிக் கொடுக்கிறவர் உண்டா? பொரியை வாயில் கொட்டிக்கொண்டு நான் தனியாக வீட்டுக்கு நடந்தேன்.

அடுப்படியில் இருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மா பெரிய கட்டு வாங்கியதை, பெரியப்பா அதைப் பார்த்ததை, திருப்பிக் கொடுத்ததை.

"பெரீப்பாவுக்கு என்ன வாங்கிக் குடுத்தாலும் சந்தோசமே இல்லீங்கம்மா" என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"கட்டப் பார்த்தாரா?" என்று மட்டும் கேட்டார். "ஐயோ, அக்கா" என்று முனகிக்கொண்டு, அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு வயலைப் பார்த்து ஓடினார். குழம்பு அடிப்பிடிக்கிறதே என்று நான் பின்னாலிருந்து கத்திக்கொண்டிருந்தேன்.