ஓடுதளத்தில் உடைத்த பூசணி

“காட்டு ஓடுதளமெல்லாம் உனக்குச் சரிப்படாதுப்பா” என்று சுந்தரராஜன் சொல்லும்போதெல்லாம் அழகேசனுக்குக் காது மடல் சூடாகும். சொல்பவர் கெட்டவர் இல்லை. நாற்பது வருடமாகக் கனடாவின் மொன்றியல் நகரத்தில் வாழும், ஓய்வுபெற்ற பொறியாளர். நாலு பேர் உட்காரும் பழைய செஸ்னா விமானத்தில் அழகேசனோடு பங்குதாரர். ஆனால் சொல்லி முடித்ததும் ஒரு சின்னச் சிரிப்பு சிரிப்பார். நீ எங்கிருந்து வந்தாய் என்று எனக்குத் தெரியாதா என்கிற சிரிப்பு.

“ஊர்ல மாட்டு வண்டிதானே ஓட்டின?”

“ஆமா சார். குறுக்க மாடு வந்தா நிறுத்தவும் தெரியும்.”

அழகேசன் பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரி நிலத்துக்காரன் மகன். அந்த வீட்டிலிருந்து முதன்முதலில் கல்லூரிப் படியேறியவன். இப்போது மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மூன்றாம் மாடி வாடகை வீடு, மென்பொருள் வேலை. இரண்டு வருடத்துச் சனி ஞாயிறுகளைக் கொடுத்துத்தான் விமானி உரிமம் வாங்கினான். அதை யாரும் அவனுக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை.

நகரத்துக்கு வடக்கே, மலைக்காட்டுக்குள், ரெமி என்ற கிழவருக்குச் சொந்தமாக ஒரு புல் ஓடுதளம் இருந்தது. இருபுறமும் மேப்பிள் மரங்கள். வேலி என்று ஒன்று கிடையாது. மானும் நரியும் காட்டு வான்கோழியும் தெருவைக் கடப்பதுபோல் கடக்கும். ரெமி சம்மதித்தால்தான் அங்கே இறங்கலாம். சுந்தரராஜனுக்கு அந்தச் சம்மதம் எப்போதோ கிடைத்துவிட்டது. அந்த அக்டோபரில் அழகேசனுக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. தனியாக ஏறி, தனியாக இறங்கிக் காட்ட வேண்டும். சரியில்லை என்று ரெமிக்குத் தோன்றினால் அந்தக் காட்டை அதோடு மறந்துவிட வேண்டியதுதான்.

முந்தின நாளே சுந்தரராஜன் விமானத்தை அங்கே கொண்டுபோய்க் கட்டியிருந்தார். அன்று ஆயுத பூஜை. சாயங்காலம் அழகேசன் மனைவி தேவிகாவோடு காரில் போய் விசிறிக்குச் சந்தனம் தடவினான், சக்கரத்துக்குப் பொட்டு வைத்தான். நீற்றுப்பூசணி கிடைக்கவில்லை. ஹாலோவீனுக்காகக் கடை வாசலில் குவித்திருந்த மஞ்சள் பூசணி ஒன்றைத் துளைத்து, குங்குமம் கொட்டி, ஓடுதளத்தின் தெற்கு முனையில் போட்டு உடைத்தான்.

“அள்ளிடலாங்க. சுத்தமா இருக்கு இடம்” என்றாள் தேவிகா.

“திருஷ்டி கழிச்சதை யாராச்சும் கையால தொடுவாங்களா? கிடக்கட்டும் விடு.”

மறுநாள் காலை அவன் கிளம்பியபோது ஓடுதளத்தில் ஒரு குருவிகூட இல்லை. மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான். காட்டு ஓடுதளத்தில் எடுத்த எடுப்பில் இறங்கக் கூடாது. முதலில் தாழப் பறந்து பார்க்க வேண்டும். பார்த்தான். தெற்கு முனையில் மூன்று மான்கள், தலை குனிந்து, பந்தியில் உட்கார்ந்ததுபோல் தின்றுகொண்டிருந்தன.

விமானச் சத்தத்துக்கு வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்தன. சரி, போயாயிற்று என்று சுற்றி வந்து தெற்கிலிருந்து இறங்கத் தொடங்கினான். மர உச்சிக்குக் கீழே வந்துவிட்டபோது, பெரிய பெட்டை மான் நிதானமாகத் திரும்பி நடந்து வந்து அதே இடத்தில் நின்றது. அவன் விசையை முழுக்க அழுத்தி மேலே ஏறினான். சக்கரத்துக்கு அடியில் அதன் காதுகள் தெரிந்தன.

ரேடியோவில் சுந்தரராஜன் வந்தார். அவர் ரெமியோடு குடிசை வாசலில் நின்றிருந்தார்.

“அழகேசா, மானை விரட்டச் சொன்னா இந்த மனுஷன் மாட்டேங்கறார். தான் இல்லாத நாள்ல யார் விரட்டுவாங்கன்னு கேக்கறார். நீ பக்கத்து ஏர்போர்ட்ல இறங்கிடு. நான் கார்ல வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“அப்படி இறங்கினா இங்க வேணாம்னுடுவாருல்ல?”

“ஆமா. அதனால என்ன? எல்லாருக்குமா எல்லாம் வாய்க்குது.”

அழகேசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பெட்ரோல் நிறைய இருக்கு சார். நான் இங்கதான் இறங்குவேன்” என்றான்.

மூன்றாம் சுற்றில் யோசித்தான். பூசணி தீரும்வரை மான் அந்த இடத்தை விடாது. அப்படியென்றால் மான் எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அது ஒன்று போதும். இலைகூட அசையாத காலை. எந்தத் திசையிலிருந்தும் இறங்கலாம். வடக்கிலிருந்து வந்தான். மரங்களை ஒட்டி இறக்கி, முனையிலேயே சக்கரம் பதித்து, பாதி ஓடுதளத்துக்கு முன்பே நின்றான். தூரத்தில் மான் தலை நிமிர்ந்து பார்த்தது. மறுபடி குனிந்துகொண்டது.

எஞ்சினை நிறுத்திவிட்டு, காலிப் பையோடு நடந்தான். மான்கள் விலகின. ரெமி தன் நாலு சக்கர மோட்டார் வண்டியில் சீறிக்கொண்டு வந்தார். புல்லில் சிவப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“இரத்தமா? அடித்துவிட்டாயா?”

பின்னால் மூச்சு வாங்க வந்த சுந்தரராஜன் தாழ்ந்த குரலில், “பூஜை கீஜைன்னு உளறாதே. யாரோ போட்டுட்டான்னு சொல்லிடு. மானத்தை வாங்காதே” என்றார்.

“இதுல என்ன சார் மானம் போகுது?” என்ற அழகேசன் ரெமியிடம் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னான். “இரத்தமில்லை, குங்குமம். எங்கள் வழக்கம். வண்டிக்குப் பூசணி உடைப்போம். அள்ளாமல் விட்டது என் தப்பு.”

துண்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கிப் பையில் போட்டான். ரெமி நின்று பார்த்தார்.

“இரண்டு முறை மேலே ஏறிப் போனாய். பிடிவாதக்காரர்கள் அப்படி ஏற மாட்டார்கள் என்று நினைத்தேன்” என்றார். “அடுத்த வருடம் இங்கே பூசணி கிடையாது, தெரிகிறதா?”

“உடைப்பேன்” என்றான் அழகேசன். “உடைத்து, உடனே அள்ளுவேன். அது வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். விமானத்தை எடுத்துக்கொண்டு போகிறேன்.”

சுந்தரராஜன் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

ரெமி தன் வண்டியின் பின்னாலிருந்து விமானம் கட்டும் கயிற்றை எடுத்து அழகேசன் பக்கம் வீசினார்.