ஒயர் படமும் பூட்டுப் படமும்

அளவக்கா என்ற பெயரை அவளுக்குக் கடையில்தான் வைத்தார்கள். ஜன்னல் திரைச்சீலை தைக்கும் கடை. வீடு வீடாகப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, டேப் பிடித்து அளந்து வருவது அவள் வேலை. அவள் அளவில் தைத்த சீலை தரையைக் கூட்டியதும் கிடையாது, அரைக் கம்பத்தில் நின்றதும் கிடையாது. முதலாளியம்மா லேசில் யாரையும் பாராட்டாத ஆள். அவரே வாடிக்கையாளரிடம், "அக்கா அளந்தா அளந்ததுதான்" என்று மார்தட்டுவார்.

அப்பேர்ப்பட்டவள் இன்று வேலையை விடுகிறேன் என்று சொல்ல வந்திருந்தாள். முதலாளியம்மா துணிக்காரனிடம் பேசி முடிக்கட்டும் என்று எதிரே உட்கார்ந்து, கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அந்தப் பூட்டால் வந்த வினை. வீட்டை விட்டுக் கிளம்பிப் பாதி வழி போனதும் ஒரு சந்தேகம் முளைக்குமே, அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று? நம்மில் யாருக்குத்தான் இல்லை அந்த வியாதி! அளவக்கா அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். கிளம்பும்போது அடுப்புத் திருகை ஒரு படம், பூட்டை ஒரு படம். பஸ்ஸில் சந்தேகம் வந்தால் போனைத் திறப்பாள். பூட்டு கம்மென்று தொங்கும். மனசும் அடங்கும்.

கொஞ்ச காலமாக அந்த வைத்தியமே வினையாகிவிட்டது. போனைத் திறந்தால் படம் இல்லை. குனிந்து, வெளிச்சம் பார்த்து, எடுத்தது அப்படியே நினைவில் இருக்கிறது. படத்தை மட்டும் காணோம். பாதி வழியில் இறங்கித் திரும்பி ஓடுவாள். போய்ப் பார்த்தால் கதவு பூட்டியே இருக்கும், அடுப்பும் அணைந்தே இருக்கும். அப்படியானால் படம் எடுத்ததாக நினைத்தது? அது எங்கே இருந்து வந்தது?

அவளுடைய அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. சாப்பிட்டேன் என்பார், தட்டு காய்ந்து கிடக்கும். கடைசியில் பெற்ற மகளையே "நீங்க யாரும்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதை அவளுக்கு இன்னும் ஆறவில்லை. தனக்கும் அதுதான் வந்துவிட்டது என்று அவள் தீர்மானமே பண்ணிவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. அளவு தப்பி, ஊரார் வீட்டுத் துணியைப் பாழாக்கி, அதற்கப்புறம் அனுப்பப்படுவதை விட மரியாதையாக ஒதுங்கிவிடலாம் என்று இருந்தாள்.

இதில் ஒரு விசேஷம். கணவர் வெளியூரில் இருக்கும் நாட்களில்தான் படங்கள் மாயமாகும். தனியாக இருப்பதால் மூளை இன்னும் சீக்கிரம் குழம்புகிறது போலும் என்று அதற்கும் அவளே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டாள்.

கணவர் லிப்ட் மெக்கானிக். ஊர் ஊராகப் போய்ப் பழைய லிப்டுகளைப் பழுது பார்க்கிறவர். எதைக் கழற்றும் முன்பும் ஒயர்கள் எங்கே எப்படி மாட்டியிருக்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்வார். சாயங்காலம் லாட்ஜுக்கு வந்ததும் முதல் காரியம், முகம்கூடக் கழுவாமல், அந்தப் படங்களை இணையத்தில் ஏற்றிப் பத்திரப்படுத்துவது. ஒரு தடவை ரயிலில் போனைத் தொலைத்துவிட்டு அவர் பட்ட பாட்டைப் பார்த்து, மகள் செய்துகொடுத்த ஏற்பாடு அது. மூன்று பேருக்கும் ஒரே கணக்கு. "யார் எடுத்தாலும் எல்லார் போன்லயும் தெரியும். எதுவும் தொலையாது" என்று சொல்லியிருந்தாள் மகராசி.

எல்லார் போனிலும் தெரிந்தது, வாஸ்தவம். அளவக்காவின் போனில் பேரன் சிரிக்கிற படத்துக்கு அடுத்து கொத்துக் கொத்தாக ஒயர். இன்று காலை பூட்டைப் படம் எடுக்கப் போனால், இடம் நிரம்பிவிட்டது என்று போன் மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. "இந்தக் கண்றாவி எனக்கு எதுக்கு?" என்று வாசற்படியில் நின்றபடியே ஒயர்களையெல்லாம் அழித்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

துணிக்காரன் எழுந்து போனான். "சொல்லுங்கக்கா, என்னமோ பேசணும்னீங்களே?" என்றார் முதலாளியம்மா. அளவக்கா வாயைத் திறந்தாள். போன் அடித்தது. கணவர்.

"என் ஒயர் படத்தையெல்லாம் நீ அழிச்சியா?"

"ஆமா. என் போன்லதானே அழிச்சேன்?"

"போச்சு! எல்லாமே ஒண்ணுதானாம். ஒருத்தர் அழிச்சா எல்லார் போன்லயும் போயிடுமாம். இப்பத்தான் நம்ம பாப்பாகிட்ட கேட்டேன். இங்க லிப்டைப் பிரிச்சுப் போட்டு நிக்கிறேன். மேல சக்கர நாற்காலியில ஒரு பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போகக் காத்துக்கிட்டிருக்கார். எந்த ஒயர் எங்கன்னு ஒண்ணும் புரியல."

"ஐயையோ! இப்ப என்னங்க பண்றது?"

"பதறாதே. அழிச்சது குப்பைத்தொட்டியில கொஞ்ச நாளைக்குக் கிடக்குமாம். என் கையெல்லாம் கிரீஸ். நீ அழிச்சதை நீயே எடு, தாயே. நான் லைன்ல இருக்கேன்."

முதலாளியம்மாதான் போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, குப்பைத்தொட்டி எங்கே இருக்கிறது என்று தேடிக் கொடுத்தார். அளவக்கா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சிவப்பு ஒயர், நீல ஒயர், இன்றைய குப்பை. அதற்குக் கீழே ஒரு பூட்டு.

அவள் விரல் நின்றுவிட்டது. தன் வீட்டுப் பூட்டு. அதற்குக் கீழே அடுப்புத் திருகு. அப்புறம் மறுபடி பூட்டு. மழை நாளில் எடுத்த ஒன்றில் குடையின் நுனிகூடத் தெரிந்தது. எடுத்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் எடுத்திருக்கிறாள்.

"கிடைச்சுதா?" என்றது போன்.

"என்னங்க, என் பூட்டுப் படத்தை நீங்களா அழிச்சீங்க?"

"அதுவா? காலையில லாட்ஜ் வாசல்ல வண்டிக்கு நிக்கிறப்ப வேண்டாததைக் கழிச்சு இடம் பண்ணுவேன். பூட்டை யாராவது படம் எடுப்பாங்களா? கை பட்டு விழுந்திருக்கும்னு அழிச்சுடுவேன். உன் போன்லயும் போயிடும்னு எனக்கென்ன தெரியும்?"

"அடப்பாவி மனுஷா!" என்று அவள் போட்ட சத்தத்தில் தையல் மிஷின்கள் நின்றன. "எங்கப்பா மாதிரி எனக்கும் மறந்துபோகுதுன்னு நான் செத்துச் செத்துப் பிழைச்சுக்கிட்டிருந்தேன்யா! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் ஓவென்று அழுதாள், நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒயர்களை மீட்டாள். பூட்டுகளையும் மீட்டாள். "இந்தாங்க, உங்க ஒயரு. முதல்ல அந்தப் பெரியவரை இறக்கி விடுங்க. உங்களுக்கு வீட்ல இருக்கு கச்சேரி."

"நீயாவது சொல்லியிருக்கலாமே, இப்படிப் பயமா இருக்குன்னு" என்றார் அவர், மெதுவாக. அவள் போனை வைத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

முதலாளியம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "என்னமோ சொல்ல வந்தீங்களே அக்கா?"

"புது டேப் ஒண்ணு வேணும்மா. பழசுல எண்ணெல்லாம் தேஞ்சுபோச்சு."

கச்சேரி நடந்ததா, எவ்வளவு நேரம் நடந்தது என்பதெல்லாம் அவர்கள் வீட்டு விவகாரம். அவர் இன்னும் வெளியூர் போகிறார், ஒயரைப் படம் எடுக்கிறார், லாட்ஜிலிருந்து ஏற்றுகிறார். அவளும் பூட்டைப் படம் எடுக்கிறாள். ஆனால் பஸ்ஸில் போனைத் திறந்து பார்ப்பதில்லை. அதற்கு முன்பே ஏதோ ஓர் ஊர் லாட்ஜ் வாசலிலிருந்து போன் வந்துவிடும்.

"பூட்டியிருக்கு, பாத்துட்டேன். அடுப்பும் அணைஞ்சிருக்கு. நீ நிம்மதியாப் போ."