அவர் போடாத புகையிலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். அந்த ஐந்தாவதிலும் பாதி நாள் நாற்று நடப் போய்விட்டேன். இந்த நோட்டில் ‘ர’ எது, கால் எது என்று சில இடத்தில் எனக்கே தெரியவில்லை. போதாததற்கு மறதி. ஒன்றை எழுதும்போது இன்னொன்று மறந்துபோகும், மறந்ததைப் பிடிக்கப் போனால் எழுதிக்கொண்டிருந்தது போய்விடும். நான்கு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லாதவளைப் பிடித்து, பட்டிமன்றத்தில் நடந்ததை எங்கள் அடுக்குமாடியின் ஆண்டு மலருக்கு எழுதிக் கொடு என்றால் இப்படித்தான் வரும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

வாய் திறந்து பழக்கமில்லை என்றேன். அதற்குக் கூச்சம் பாதிக் காரணம். மீதிப் பாதி என் இடது கன்னத்துக்குள் இருந்தது.

எனக்கு ஒன்பது வயதோ பத்து வயதோ. கடைவாய்ப் பல்லில் வலி. வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது, வேலையை விட்டுவிட்டு யார் என்னைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போவது. அம்மா சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சுருக்குப் பையிலிருந்து புகையிலையில் ஒரு கிள்ளு எடுத்து அந்தப் பல்லின் மேல் வைத்து அழுத்தினாள்.

“கடிச்சிக்கினு இரு. எச்சிய முழுங்காத, தல சுத்தும்” என்றாள்.

வலி அன்றைக்கே போனது. பல் சில வருஷத்தில் போனது. புகையிலை மட்டும் போகவில்லை.

கல்யாணமாகி இந்த நூம்பல் கிராமத்துக்கு வந்தேன். என் மாமியார் கண்டிப்பானவர். முதல் வாரமே சொல்லிவிட்டார். “வெத்தல போடு, வாணாங்கல. பொயில போடுற பொம்பள என் ஊட்டுக்கு ஆவாது.” நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டும்போதே அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்தது எத்தனை நாளைக்கு வரும் என்றுதான் மனசு யோசித்தது.

பத்து நாளைக்கு வந்தது. பதினோராம் நாள் ஏரிக்கரையோரப் பெட்டிக்கடைக்குப் போனேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். பொம்பளை போய் பீடியோ சுருட்டோ புகையிலையோ கேட்டால் கடைக்காரர் உடனே எடுத்துத் தரமாட்டார். யாருக்கு என்று கேட்பார். வீட்டு ஆம்பளை யாரையாவது சொல்ல வேண்டும். சொன்னால் போதும், அதற்கு மேல் கேள்வி கிடையாது.

“யாருக்கு அண்ணி?”

“ஊட்டுக்காரருக்கு” என்றது என் வாய். நான் யோசித்துச் சொன்னதாக நினைக்காதீர்கள். யோசிக்கிற அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் இருந்திருந்தால் ஐந்தாவதையாவது முடித்திருப்பேன்.

என் வீட்டுக்காரர் வெற்றிலைகூடப் போடாதவர். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை, சைக்கிளில் போய் வருவார். ஒருநாள் இரண்டு பேரும் கடைப்பக்கம் நடந்து போனபோது கடைக்காரர் பிடித்துக்கொண்டார்.

“இன்னா அண்ணாத்தே, முந்தாநேத்து வாங்கினு போனது அதுக்குள்ள தீந்துட்ச்சா? அண்ணி இன்னிக்குக் காலைலயும் வந்தாங்க.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தரையில் ஒன்றும் இல்லை, ஆனாலும் நன்றாகப் பார்த்தேன்.

“ஆமாம்பா” என்று சிரித்தார் அவர். “கொஞ்சம் ஜாஸ்தியாதான் ஆயிட்ச்சி. கொறைக்கணும்.”

வீட்டு வாசலுக்கு வந்ததும்தான் சொன்னார். “என் வாய் நாறும். நீ ரெண்டு அடி தள்ளியே வா.”

அவ்வளவுதான் அவர் என்னைக் கேட்டது. அதன்பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் என் புகையிலையை அவர் போட்டார். நான் சொல்வது ஊர்க்கணக்கில். மாமியார், “ஏண்டா, அந்தப் பாழாப்போனத உட்டுத் தொலைக்க மாட்டியா” என்று திட்டும்போதெல்லாம் தலையைத் தொங்கப்போட்டு, “உட்டுடறேம்மா” என்பார். நான் பக்கத்தில் அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருப்பேன். கையும் அரைக்கும், வாயும் அரைக்கும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தக் கடைக்காரர் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மடியிலிருந்து முழுசாக ஒரு கட்டுப் புகையிலையை எடுத்து, படத்துக்கு முன்னால் படையல் இலையில் வைத்தார்.

“எங்க அண்ணாத்தேக்குப் புடிச்சது” என்று சொல்லி அழுதார்.

செத்தவருக்குப் பிடித்ததைத்தான் படைக்க வேண்டும். எல்லோரும் பார்த்து நெகிழ்ந்துபோனார்கள். நானும் அழுதேன். எதற்கு அழுதேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அமாவாசை தவறாமல் என் மருமகளே கடையில் வாங்கி வந்து, வடைக்கும் பாயசத்துக்கும் பக்கத்தில் பக்தியாகப் புகையிலை வைத்தாள். படைத்த சோற்றைக் காக்கைக்கு வைப்போம். காக்கை புகையிலை தின்னாது. வீணாக்கக் கூடாது என்று நான் எடுத்து டப்பாவில் வைத்துக்கொண்டேன். ஒரு கட்டத்தில் அமாவாசைக்கு வைப்பது போதவில்லை. அவர் கனவில் வந்து பௌர்ணமிக்கும் கேட்டார் என்று மருமகளிடம் சொன்னேன். பாவம், அவள் பௌர்ணமிக்கும் வைத்தாள். செத்த மனுஷனைக் கடைக்கு அனுப்பியவள் நூம்பலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்போது எங்கள் நிலத்தின் மேலேயே அடுக்குமாடி எழும்பி, அதில் மூன்றாவது மாடியில் எங்களுக்கும் ஒரு வீடு. அக்கம்பக்கத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர்கள். வெற்றிலை போட்டுத் துப்பினால் குடியிருப்போர் குழுவின் வாட்ஸ்அப்பில் படமே போட்டுவிடுவார்கள். அதனால் துப்புவதற்கு ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை ஒளித்து வைத்திருந்தேன். மருமகள் கேட்டால் கண்ணுக்குப் போடும் மூலிகைத் தண்ணீர் என்பேன்.

இந்தப் பொங்கலுக்குக் குடியிருப்பில் பட்டிமன்றம் வைத்தார்கள். ஒரு குறிப்பிட்ட வருஷத்துக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் புகையிலை, சிகரெட் எதையும் விற்கவே கூடாது என்று சட்டம் போடலாமா கூடாதா என்பது தலைப்பு. வெளிநாட்டில் எங்கேயோ அப்படிக் கொண்டுவந்திருக்கிறார்களாம். காலேஜில் படிக்கும் என் பேத்தி, சட்டம் வேண்டும் என்கிற அணியில். ஒரு வாரம் வீட்டில் நின்று நின்று பேசிப் பார்த்தாள்.

“நல்லா கேட்டுக்க ஆயா. நான் கெழவியானாலும் எனக்கு விக்க மாட்டாங்க. நீ போய்க் கேட்டா குடுப்பாங்க. அதான் சட்டம்.”

“அப்ப உனுக்கு வேணும்னா நான் வாங்கியாந்து தரட்டா?” என்றேன் விளையாட்டாக.

அவள் சிரிக்கவில்லை. “இந்த ஒரு பாயின்ட்டுக்குத்தான் எதிரணி காத்துட்டு இருக்கு. நீ கெளப்பி உடாத.”

பட்டிமன்றத்தன்று கீழே மண்டபத்தில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். இரண்டு மணி நேரம் ஆகும் என்று தெரியும். ஆகவே ஏற்பாட்டோடுதான் போயிருந்தேன். புகையிலையை ஒழிப்பது பற்றிய பேச்சைக் கேட்கக் கன்னத்தில் புகையிலையோடு உட்கார்ந்திருந்தேன்.

எதிரணியில் பேசியவர் இரண்டாவது மாடியில் இருக்கும் பல் டாக்டர், சின்ன வயசுக்காரர். சீட்டுப் போட்டதில் அவருக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. ஓட்டுப் போடலாம், கல்யாணம் பண்ணலாம், ஒரு சிகரெட் வாங்கக் கூடாதா, தடை போட்டால் திருட்டுத்தனமாக விற்பார்கள் என்று பேசினார். பின்னாலிருந்து யாரோ, “டாக்டர், உங்களுக்கு வியாபாரம் கொறைஞ்சிடும்னு பயம்” என்றார்கள். கூட்டம் சிரித்தது.

அடுத்து என் பேத்தி. நன்றாகத்தான் பேசினாள். கடைசியில் பெரிய திரையில் அவள் தாத்தாவின் படத்தைக் காட்டினாள். என் மகன் கல்யாணத்தில் எடுத்தது, வாய்கொள்ளாமல் சிரிக்கிறார்.

“இவர் எங்க தாத்தா. நாப்பது வருஷம் புகையிலை போட்டார். அதுதான் அவரைக் கொண்டுபோச்சு. அவர் பொறந்த வருஷத்துல இந்தச் சட்டம் இருந்திருந்தா இன்னிக்கு இங்க உக்காந்திருப்பார்.”

கைதட்டினார்கள். டாக்டர் எழுந்தார்.

“நடுவர் அவர்களே, அந்தப் படத்தைக் கொஞ்சம் பெருசு பண்ணச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், வாய். நாப்பது வருஷம் புகையிலை போட்ட பல்லு இவ்ளோ வெள்ளையா இருந்தா நான் கிளினிக்கைச் சாத்திட்டு இட்லிக் கடை போடுறேன். தோழி ஜெயிக்கிறதுக்காகச் சொந்தத் தாத்தாமேலயே கதை கட்டிட்டாங்க.”

மண்டபமே சிரித்தது. பேத்தியின் முகம் சுண்டிப்போனது. பொய் சொல்லித் திரிகிற பெண் இல்லை அவள். “எங்க ஆயா முன்னாடியே உக்காந்திருக்காங்க. அவங்களையே கேளுங்க” என்றாள்.

மைக் என் கைக்கு வந்தது. மருமகள் காதோடு சொன்னாள். “சொல்லுங்கத்தே. மாமா போட்டாருன்னு ஒரே வார்த்த. புள்ள மானம் போவுது.”

ஒரே வார்த்தை. கடையில் நாற்பது வருஷம் சொன்ன வார்த்தைதான். சொன்னால் அவள் ஜெயிப்பாள், நானும் தப்பிப்பேன். திரையைப் பார்த்தேன். அவர் பல் ஒவ்வொன்றும் கதவளவு இருந்தது. கடைக்காரரிடம் “கொறைக்கணும்” என்றபோது சிரித்த அதே சிரிப்பு. இத்தனை பேர் நடுவில் அந்தப் பல்லையும் நான் கறையாக்க வேண்டுமா என்று தோன்றியது.

பேச வேண்டும் என்றால் வாய் காலியாக வேண்டும். கீழே வெள்ளை டைல்ஸ். துப்ப வழியில்லை. விழுங்கிவிட்டேன்.

“அவரு போட்டதில்ல” என்றேன். “நான்தான் போட்டது. இப்பக்கூட வாய்ல கீது. இல்ல, இப்ப வயித்துல கீது.”

சொல்லி முடிக்கவும் விக்கல் பிடித்துக்கொண்டது. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே விக்கினேன். ஒலிபெருக்கி என் விக்கலை வேலப்பன்சாவடி வரைக்கும் கொண்டுபோயிருக்கும்.

நடுவர் பெரிய மனுஷர், சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். “சட்டம் வேணுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கம்மா.”

“எனுக்கு ஒம்போது வயசுல குடுத்தாங்க” என்றேன், விக்கலுக்கு நடுவில். “சட்டம் போடுங்க, நல்லதுதான். கடக்காரன் குடுக்க மாட்டான். ஆனா எனுக்குக் குடுத்தது கடக்காரன் இல்ல. எங்க அம்மா. அப்பறம் நானு யாரு யாரு பேரயோ சொல்லி வாங்கினேன்.”

இவ்வளவுதான் பேசினேன் என்று நினைக்கிறேன். அதற்குள் தலை சுற்றிவிட்டது. சோபாவில் சாய்த்து எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். தீர்ப்பு என்ன என்று எனக்குத் தெரியாது.

பேத்தி நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள்தான் வெடித்தாள். “நீ போட்டதுகூடப் பரவால்ல ஆயா. தாத்தா படத்துக்கு முன்னாடி வெச்சு வெச்சு என்னை எட்டு வருஷம் கும்பிட வெச்சியே. அவர் எப்டி இருந்தார்னே எனக்குத் தெரியாமப் பண்ணிட்டியே.” நான் தரையைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

சில நாளில் தை அமாவாசை வந்தது. மருமகள் வடைக்கு அரைத்துவைத்துவிட்டு வந்து கேட்டாள். “அப்ப மாமாக்கு இன்னாதான் புடிக்கும் அத்தே? இன்னா வெக்கறது?”

வாயைத் திறந்தேன். எனக்கே அது தெரியாது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த மனுஷனோடு அத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். எந்த இடுக்கில் எதை ஒளித்தேன் என்று ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. அவருக்கு என்ன பிடிக்கும் என்பது மட்டும் இல்லை. அவர் எதையும் கேட்டு வாங்கியதில்லை. நானும் கேட்டதில்லை. என் வாயில்தான் எப்போதும் ஏதோ இருந்ததே.

அப்புறம் ஒன்று ஞாபகம் வந்தது. அவர் காக்கிச் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையை உதறுவேன், தோல் தோலாக உதிரும். வறுத்த பட்டாணித் தோலா, வேர்க்கடலைத் தோலா என்று சொல்லத் தெரியவில்லை. எரிச்சலோடு உதறியிருக்கிறேனே தவிர, குனிந்து பார்த்ததில்லை.

இரண்டையும் வாங்கி வந்து இரண்டு கிண்ணத்தில் வைத்துப் படைத்தோம். பேத்தி விழுந்து கும்பிட்டாள். எழுந்து ஒரு பட்டாணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“பல்லு இவ்ளோ நல்லா இருக்குல்ல. பட்டாணியாதான் இருக்கும் ஆயா” என்றாள்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த டாக்டர் அவரே கூப்பிட்டு என் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கன்னத்தில் வெள்ளையாக ஏதோ இருக்கிறதாம், மாதம் ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார். புகையிலையைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். இதை எழுதும்போது கன்னத்தில் இருப்பது கிராம்பு. யாரும் நம்ப மாட்டீர்கள், அதற்கும் நான்தான் காரணம். பழக்கத்தில் படையல் டப்பாவை இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டேன். மருமகள் அதில் உளுந்து கொட்டி வைத்திருக்கிறாள்.

மலரை அச்சுக்குக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் எழுதியதில் தப்பு இருக்கும். தீர்ப்பு எந்தப் பக்கம் என்று நடுவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, யாராவது மாங்காடு பக்கம் போனால் என் நாத்தனாரைப் பார்த்துவிட்டு வாருங்கள். கோயிலுக்குப் பின் தெருவில் மகள் வீட்டில் இருக்கிறாள். அவருடைய தங்கை அவள், சின்ன வயதிலிருந்து கூட வளர்ந்தவள். அண்ணனுக்குப் பிடித்தது பட்டாணியா வேர்க்கடலையா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காது மந்தம், கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள். அவளும் ஊரோடு சேர்ந்து நம்பியவள்தான், அதனால் முதலில் பொயிலை என்பாள். அதை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டாம்.