ரெண்டாவது டைட்டு

வீல் மாட்டுவதை ஓசூரில் ஒரு வேலையாகவே எவனும் மதிப்பதில்லை. நட்டைத் திருகத் தெரிந்தவனெல்லாம் மாட்டலாம் என்பார்கள். மாட்டலாம்தான், யார் வேண்டாம் என்றது? ஆனால் சின்னராஜ் மாட்டுவதை ஒருதரம் கிட்ட நின்று பார்த்தவன் அப்படிப் பேசமாட்டான்.

மத்தூர்ப் பக்கம், காலங்காலமாக அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போன குடும்பம் அவனுடையது. பத்தொன்பது வயதில் ஓசூருக்கு பஸ் ஏறினான். பிரேக் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் காண்ட்ராக்ட் லேபர். பர்மனென்ட் பண்ணுகிறோம் பண்ணுகிறோம் என்று சொல்லியே ஒருநாள் வெளியே அனுப்பினார்கள், புண்ணியவான்கள். அதற்கப்புறம் வெள்ளைச்சாமியின் ஷெட். பெங்களூர்க்காரர்கள் பழைய கார்களைக் கொண்டுவந்து புதுசாக்கிக்கொண்டு போகிற இடம். பழைய டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போடுவது சின்னராஜ் பொறுப்பு. ஒயரிங் பார்ப்பதும் வண்டி ஓட்டிக் காட்டுவதும் கங்கப்பன். இரண்டு பேரும் பத்து வருஷமாக ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள்.

டிஸ்க் போட்ட வண்டியில் பழைய வீல் அப்படியே உட்காராது. உள்பக்கம் உரசும். நடுவில் ஒரு தட்டு வைத்து வீலை வெளியே தள்ளவேண்டும், அதற்கு நீளமான போல்ட் போடவேண்டும். வீல் கப்பும் முன்போலப் பொருந்தாது. அதையும் தட்டித் தட்டிச் சரிபண்ண வேண்டும். இத்தனைக்கும் மேலே ஒன்று இருக்கிறது. புதுசாகப் பெயின்ட் அடித்த வீலை எவ்வளவுதான் இறுக்கினாலும், பத்து கிலோமீட்டர் ஓடினதும் நட்டுக்கு அடியில் பெயின்ட் நசுங்கிவிடும், நட்டு லூசாகும். அதனால் ஓட்டிவிட்டு வந்து மறுபடி இறுக்கவேண்டும். ஷெட்டில் அதற்குப் பேர் ரெண்டாவது டைட்டு. அது முடிந்த பிறகுதான் நட்டுகளை மூடிக் கப்பு மாட்டுவது, கப்புக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பது. குங்குமம் வைத்த கப்பை வண்டி ஷெட்டைத் தாண்டுகிறவரை யாரும் கழற்றக்கூடாது. அபசகுனம்.

அந்த வெள்ளிக்கிழமை எல்லாம் தலைகீழாகப் போனது. கிருஷ்ணகிரி மண்டபத்தில் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்த ஒரு பெங்களூர்க்காரர், டிஸ்க் போடக் கொடுத்திருந்த தன் வெள்ளை அம்பாசிடரைப் பெண் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கேட்டிருந்தார். பத்தரைக்கு ராகு காலம். மனிதர் பத்து மணிக்கே பெண்டாட்டியோடும் பூமாலையோடும் வந்து நின்றுவிட்டார். வண்டி இன்னும் ஒரு அடி ஓடவில்லை. சின்னராஜ் தயங்கினான். முதலில் பூஜையை முடி என்று வெள்ளைச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கப்பை மாட்டினான். அந்தம்மாள் நாலு கப்புக்கும் தன் கையாலேயே பொட்டு வைத்தாள்.

காலையிலேயே சட்டை மாற்ற வீட்டுக்குப் போயிருந்த கங்கப்பன், வண்டியை மண்டபத்துக்கு ஓட்டிப்போக அப்போதுதான் வந்து சாவியை வாங்கினான். கப்பும் குங்குமமும் பளபளவென்று இருந்ததைப் பார்த்தான், தான் இல்லாத நேரத்தில் வேறு யாரோ ஓட்டிவிட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தான். வழக்கம்போலக் கேட்டான்.

"ரெண்டாவது டைட்டு ஆயிடுச்சா?"

வெள்ளைச்சாமி முறைத்துக்கொண்டு நின்றார். அந்தம்மாள் கையில் கற்பூரத் தட்டு. சின்னராஜ் தலையை ஆட்டினான். ஆயிடுச்சு என்று வாயால் சொல்லவில்லை, ஆட்டினான், அவ்வளவுதான். அந்தப் பாழாய்ப்போன தலையாட்டலை அவன் எத்தனை தரம் நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாலும் அது ஆட்டினது ஆட்டினதுதான்.

கிருஷ்ணகிரி போகிற வழியில், மேலுமலை இறக்கத்தில் முன்சக்கரம் கழன்றது. பெங்களூர்க்காரரும் பெண்டாட்டியும் வேறு காரில் முன்னால் போயிருந்தார்கள், வண்டியில் கங்கப்பன் மட்டும்தான் இருந்தான்.

கங்கப்பனைச் சேர்த்த ஆஸ்பத்திரிக்கு வந்த வெள்ளைச்சாமி முதல் வேலையாக ஒரு கதையைக் கட்டினார். காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறான், கண்மண் தெரியாமல் விரட்டியிருக்கிறான் என்று போலீஸிடம் சொன்னார், பெங்களூர்க்காரரிடம் சொன்னார், வராந்தாவில் நின்ற அத்தனை பேரிடமும் சொன்னார். ரத்தப் பரிசோதனை முடிவு வர மாசக்கணக்காகும். ஊர் வாய்க்கு அதெல்லாம் எதற்கு? கங்கப்பன் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன், எல்லாரும் உடனே நம்பினார்கள்.

அவன் மகள் அனுப்ரியாவும் நம்பினாள். தாயில்லாத பெண், செல்போன் தயாரிக்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் தலையில் கைவைத்து, இனித் தொடமாட்டேன் என்று கங்கப்பன் சத்தியம் பண்ணியிருந்தான். தொடவும் இல்லை. அவளோ கம்பெனி யூனிபார்மோடு ஓடிவந்தவள், வராந்தாவில் காதில் விழுந்ததை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவன் வாயில் குழாய். கண் திறந்திருந்தது. வீட்டுப் பாஷையான தெலுங்கில் அவள் அவனைத் திட்டினாள். சத்தியத்தைத் தின்றவனே என்றாள், என் தலையில் கைவைத்து என்னையும் சேர்த்துக் கொன்றாயே என்றாள், இனி உன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்றாள். கங்கப்பன் தலை இப்படியும் அப்படியும் அசைந்தது. வலி தாங்கவில்லை போலிருக்கிறது, அசையவிடாதீர்கள் என்றாள் நர்ஸ். அனுப்ரியா வெளியே போய்விட்டாள். பொழுது சாய்வதற்குள் அவன் போய்ச் சேர்ந்தான்.

சின்னராஜ் அப்போது கட்டில் கால்மாட்டில்தான் நின்றிருந்தான். வாயைத் திறந்தால் ஜெயில். ஷெட்டும் போகும், பிள்ளைகள் படிப்பும் போகும். திறக்கவில்லை. வேறென்ன சொல்ல, கோழை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அனுப்ரியா வரவில்லை. குடிகாரனுக்கு நான் ஏன் வரணும் என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டாளாம். பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் பிண்டம் வைத்தான். பந்தியில் உட்கார்ந்த சின்னராஜுக்குச் சோறு இறங்கவில்லை. பாதி இலையில் எழுந்தான், கையைக் கழுவிக்கொண்டு நேரே அவள் கம்பெனி கேட்டுக்குப் போய் நின்றான்.

ஷிப்டு விட்டு நூற்றுக்கணக்கான பெண்கள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவளை நிறுத்தினான்.

"உங்கப்பன் குடிக்கலம்மா."

"வெள்ளைச்சாமி அண்ணன் சொன்னாரே."

"பொய். வீல் நட்டு கழண்டுடுச்சு. மறுபடி இறுக்கணும், இறுக்கல. இறுக்கியாச்சான்னு அவன் கேட்டான், நான் ஆச்சுன்னு தலையாட்டிட்டேன்."

மிச்சத்தையும் சொன்னான். நாளைக்கே ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றான். அடிப்பாள், செருப்பைக் கழற்றுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லாவற்றுக்கும் துணிந்துதான் வந்திருந்தான். அவள் போகவேண்டிய பஸ் கிளம்பிப் போனது, அவள் ஏறவில்லை.

"அன்னிக்கு நான் பேசறப்ப அப்பா தலையை ஆட்டுனாரு. வலின்னு நர்சம்மா சொன்னாங்க. வலியா மாமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு ராத்திரித் தூக்கமாவது மிஞ்சியிருக்கும். சின்னராஜுக்கு அது தெரியாமல் இல்லை.

"வலியில்லம்மா," என்றான். "குடிக்கலைன்னு சொன்னான்."

அனுப்ரியா அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு இருந்ததையெல்லாம் அவள் ஏற்கெனவே அப்பன்மேல் கொட்டித் தீர்த்திருந்தாள்.