சுடத் தெரியாத வம்சம்

அந்தக் காலத்து இத்தாலி ராணியின் வாயருகே பீட்சாத் துண்டு போகிற இடம் வந்ததும் அனியெல்லோ ஸ்கார்பாத்தி கதையை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பார். பதினான்கு வெளியூர்க்காரர்கள் நேப்பிள்ஸின் ட்ரிபுனாலித் தெருவை அடைத்துக்கொண்டு, ராணி விழுங்கினாளா துப்பினாளா என்று வெயிலில் காத்து நிற்பார்கள். வழி கிடைக்காத ஸ்கூட்டர்கள் பின்னால் அலறும். அவர் சாவகாசமாகப் புட்டியை மூடி, மீசையைத் துடைத்துக்கொண்டு சொல்வார்:

"முழுங்கிட்டாங்க. முழுங்கிட்டு, யாருப்பா இந்தப் பச்சை இலையைக் கிள்ளிப் போட்டதுன்னு கேட்டாங்க. கிள்ளினவர் எங்க கொள்ளுத்தாத்தா சபாத்தோ."

பீட்சாவின் சரித்திரத்தைச் சொல்லியபடி சந்து சந்தாக ஆட்களை நடத்திப் போவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் பிழைப்பு. ஆரம்பித்த வருடம் சபாத்தோ ராணிக்குச் சுட்ட அடுப்புக்கு விறகு சுமந்தவராக மட்டும் இருந்தார். மூன்றாம் வருடம் மாவு பிசைந்தார். இப்போது இலை கிள்ளுவது வரை வந்திருக்கிறார். "செத்து நூறு வருஷம் ஆயும் பதவி உயர்வு வாங்கறார் பாரு எங்காளு. நான் உயிரோட இருந்து என்னத்தை வாங்கினேன்?" என்று மனைவி அசுந்தாவிடம் சொல்வார். உண்மையில் சபாத்தோவைப் பற்றி அவர் குடும்பத்தில் தெரிந்தது ஒரே ஒரு செய்திதான்: மூத்த மகனை அத்தை வீட்டில் விட்டுவிட்டு, இளையவனைக் கூட்டிக்கொண்டு பியூனோஸ் அய்ரெஸுக்குக் கப்பல் ஏறினார். அதன்பின் தகவல் இல்லை.

வயது அறுபத்தொன்று. தொப்பைக்கு மேலே பொத்தான் எட்டாத வெள்ளைச் சட்டை. கையில் சிவப்புக் குடை. அதை உயர்த்தினால் கூட்டம் நகரும், தாழ்த்தினால் நிற்கும். "குடையைப் பாத்துத்தான் வர்றாங்க. என்னை நம்பி எங்க வீட்டு நாய்கூடத் தெருவுக்கு வராது" என்பார்.

பெரிய வீட்டுக்காரர்கள் தக்காளியை விஷமென்று ஒதுக்கிய காலத்தில் இந்தச் சந்துக்காரர்கள் அதை ரொட்டியில் தடவித் தின்ற கதையை அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். "செத்தா இன்னிக்குப் பசி தீர்ந்தது. பொழைச்சா நாளைக்கும் திங்கலாம். ரெண்டுல எது நடந்தாலும் நமக்கு நஷ்டமில்லை." தலையில் தகரப் பெட்டியைச் சுமந்து பீட்சா விற்றவர்களைப் பற்றிச் சொல்லும்போது குடையைத் தலைமேல் படுக்கவைத்து நடந்தே காட்டுவார். கடைசியாகக் கப்பல் கதை. இந்த ஊரின் தேர்ந்த கைகளெல்லாம் கடல் தாண்டிப் போய் உலகத்துக்கே சுட்டுப் போட்டன என்று நெஞ்சைத் தட்டி முடிப்பார்.

அவர் கை அந்தக் கைகளில் சேர்ந்ததல்ல. அசுந்தாவின் அப்பாவுக்கு பீட்சாக் கடை. கல்யாணமான புதிதில் மருமகனுக்குத் தொழில் பழக்கப் பார்த்தார். பதினோரு வாரம். மாவு வட்டமாக விரிய மறுத்தது. ஓரம் தடித்தது, நடு கிழிந்தது. அடுப்பிலிருந்து எடுத்தால் ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை. பன்னிரண்டாம் வாரம் மாமனார், வாடிக்கையாளர்கள் பார்க்க, மருமகன் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்தார். "மாப்ளே, உனக்கு வாய் நல்லா இருக்கு. கையை மட்டும் பாக்கெட்ல வச்சுக்க."

இதையும் அவரே சொல்லிச் சிரிக்கவைப்பார். அன்று மாலைவரை துறைமுகச் சுவரில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லமாட்டார். வீட்டில் அசுந்தா மாவு பிசையும்போது ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவதையும் சொல்லமாட்டார்.

போன மே மாதம், இலை கிள்ளும் கட்டம் முடிந்ததும் கூட்டத்தில் ஒரு பெண் பள்ளிக்கூடத்தில் போலக் கை தூக்கினார். பெயர் கிராசியேலா, பல் மருத்துவர், பியூனோஸ் அய்ரெஸிலிருந்து வந்தவர். இத்தாலியப் பேச்சு தட்டுத்தடுமாறி வந்தது.

"உங்க குடும்பப் பேர் ஸ்கார்பாத்தின்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமாம்மா. ராணிக்கே தெரிஞ்ச பேர்."

"எனக்கும் அதே பேர்தான். சபாத்தோ எனக்கும் கொள்ளுத்தாத்தா. இளைய மகன் வழி." கூட்டம் கைதட்டத் தொடங்கியது. அந்தப் பெண் தட்டவில்லை. "அவர் எழுதின கடிதம் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. அதுல ராணி வரலை. அதான் கேட்டேன்."

அனியெல்லோ குடையை உயர்த்தி நடையைக் கட்டியிருக்கலாம். ஆனால் பதினான்கு முகங்கள் அவரையே பார்த்தன.

"ராணி இல்லாட்டி வேற யார் வர்றாங்க?"

"யாரும் வரலை. அதைப் பத்தித்தான் எழுதியிருக்கார். உட்காந்து கேட்டா நல்லது."

ஊர்வலம் எப்போதும் போய் நிற்கும் இடம் மாமனாரின் கடை. இப்போது அதை நடத்துபவர் அசுந்தாவின் தம்பி கார்மினே. எல்லோருக்கும் பீட்சா வந்தது. கிராசியேலா உறையிலிருந்து பழுத்த தாளை எடுத்தார். மூத்த மகனுக்கு சபாத்தோ எழுதியது. அந்த விலாசத்தில் ஆளில்லை என்று கடல் தாண்டித் திரும்பி வந்தது. அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மகனே, நம்ம ஊர்ல நான் தலையில பெட்டியோட மூணு வருஷம் அலைஞ்சேன். எங்கிட்ட ஒரு தடவை வாங்கினவன் மறு தடவை வாங்கலை. அதான் கப்பல் ஏறினேன். இங்க வேற எவனுக்கும் சுடத் தெரியாது, அதனால நான்தான் பெரிய ஆள். தடியா வருது. உள்ள வேகலைன்னு யாராவது சொன்னா, எங்க ஊர்ல இப்படித்தான்னு சொல்லிடுவேன். நம்பிடறாங்க. பாக்கறவங்ககிட்ட எல்லாம் நம்ம பக்குவம் இதுதான்னு பரப்பறாங்க."

கடை முழுக்கச் சிரித்தது. அடுப்பிலிருந்து பீட்சா எடுக்கும் நீளத் துடுப்பில் சாய்ந்து நின்ற கார்மினே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அத்தான், அப்ப இது நீங்களா சம்பாதிச்சது இல்லை. பரம்பரைச் சொத்து."

"மச்சான், இருபத்திரண்டு வருஷமா தப்பாச் சொல்லிட்டிருக்கேன்," என்றார் அனியெல்லோ. "நல்லா சுடறவன் எதுக்குக் கப்பல் ஏறணும்? அவன்கிட்டதான் ஊரே வரிசையில நின்னு வாங்குதே. உங்க அப்பா மாதிரி ஆளுங்க இங்கயே இருந்தாங்க. உலகம் பூரா பரப்பினது எங்களை மாதிரி ஆளுங்க." பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "அங்க இப்பவும் தடியாத்தான் சுடறீங்களா?"

"ரெண்டு விரல் கனம். அதுக்கு மேல கடலைமாவு அடை ஒண்ணு வச்சு சாப்பிடுவோம்."

கார்மினே சிலுவைக் குறி போட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார்.

"இன்னும் நாலு வரி இருக்கு," என்றார் கிராசியேலா. குரலைத் தாழ்த்திப் படித்தார். "உன்னையும் யாராவது மாவு பிசைய விடுவாங்க. உனக்கும் வட்டமா வரலைன்னா மனசு ஒடிஞ்சுடாதே. அது உன் தப்பு இல்லை. என் கை அது. நான்தான் உனக்குக் கொடுத்துட்டு வந்திருக்கேன்."

சிலர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அனியெல்லோ சிரிக்கவில்லை. கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கிராசியேலா படித்தார்.

பிறகு தாளை மடித்து நீட்டினார். "அண்ணே, இது உங்க பக்கத்துக்கு எழுதினது. இத்தனை நாள் எங்ககிட்டயே தங்கிடுச்சு."

அனியெல்லோ கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார். விரலெல்லாம் எண்ணெயும் தக்காளியும். மேசையிலிருந்த காகிதக் கைத்துண்டில் துடைத்தார், போதவில்லை. சட்டையில் துடைத்தார். எழுந்து மூலையிலிருந்த குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு, விரலிடுக்குகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஈரம் போக உதறி, வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம்தான் வந்து, இரண்டையும் சேர்த்து நீட்டினார்.