கம்பளைப் பெட்டிக்கு வைத்த பொட்டு

கண்டிக்குப் பக்கத்தில், கம்பளை ரயில் ஸ்டேஷனின் பக்கத் தண்டவாளத்தில் ஒரு பழைய சரக்குப் பெட்டி நிற்கிறது. எங்கும் போவதில்லை. லைன் வேலைக்காரர்கள் மண்வெட்டி, கடப்பாரை வைக்கும் அறையாக அது ஓய்வுக் காலத்தைக் கழிக்கிறது.

என் மனைவியின் அம்மா வீடும் கம்பளையில்தான். கொஞ்ச காலமாக, "அம்மாவப் பாத்துட்டு வருவோமா?" என்று நானே வலியக் கேட்கத் தொடங்கியிருந்தேன். மருமகனுக்கு இந்த வயதில் பொங்கிய பாசத்தைக் கண்டு மாமியார் ஒவ்வொரு முறையும் கோழிக் குழம்பு வைத்தார். நான் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, காலாற நடந்து வருவதாகச் சொல்லி, ஸ்டேஷனுக்குப் போய் அந்தப் பெட்டியை அளந்தேன்.

லண்டனில் இருக்கும் தங்கை ஒரு பொம்மைச் சரக்குப் பெட்டி அனுப்பியிருந்தாள். பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்ளபடி ஒட்டினால் இங்கிலாந்துப் பெட்டி கிடைக்கும். கண்டியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவனுக்கு இங்கிலாந்துப் பெட்டி எதற்கு? அதைக் கம்பளைப் பெட்டியாக்கியே தீருவது என்று இறங்கிவிட்டேன்.

கூரையின் வளைவைத் தேய்த்துக் குறைத்தேன். நம் தண்டவாளம் அகலம் கூடியது என்பதால் அச்சை வெட்டி, பேனாக் குழாயைச் செருகி, சக்கரங்களைத் தள்ளி வைத்தேன். பால்மா பக்கற்றின் வெள்ளித்தாளைப் பின்னாலிருந்து ஊசியால் அழுத்தி ஆணித் தலைகள் செய்தேன். துருவுக்கு மட்டும் என் கடையிலுள்ள எந்தப் பெயின்டும் ஒத்துவரவில்லை. இரும்புப் பஞ்சை வினாகிரியில் ஊறப்போட்டு அசல் துருவையே எடுத்துப் பூசினேன்.

"பொண்ணு பாக்க வந்தப்ப என்னைய இவ்வளவு உத்துப் பாத்தீங்களா?" என்று மனைவி கேட்டாள். அப்போது சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

ஆயுத பூசை வந்தது. கடையில் தராசு, கல்லாப்பெட்டி, கார்ட் மெஷின் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு பக்தியோடு வீட்டுக்கு வந்தேன். வீட்டுப் பூசை அவள் பொறுப்பு. தையல் மெஷின், அரிவாள்மனை, மிக்ஸி, அதற்கடுத்து என் பெட்டி. கதவு நிறையச் சந்தனம், அதன்மேல் குங்குமம், கூரையில் ஒரு செவ்வந்திப் பூ. எனக்குக் கோபம் உச்சி வரை ஏறிவிட்டது.

"யாரக் கேட்டு இதுல கை வச்ச?"

"நீங்க அதத்தானே பூசிக்கிறீங்க. அதான் வச்சேன்."

"கம்பளையில நிக்கிற பெட்டியில பொட்டு இருக்கா? அதே மாதிரி வரணும்னுதானே இத்தன தடவ அங்க போனேன்!"

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

"அப்ப அம்மாவப் பாக்கப் போகலயா?"

அன்றிலிருந்து தேநீர் மேசைக்கு வந்தது, பேச்சு வரவில்லை. பொட்டைப் பெயின்ட் தின்னர் போட்டுத் துடைத்தேன். அதோடு துருவும் போயிற்று, கதவும் கொஞ்சம் இளகிப்போயிற்று.

துருவின் நிறத்தைத் திரும்பப் பார்க்க அந்த ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கம்பளைக்குப் போனேன். பெட்டியின் கதவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். வாடிய செவ்வந்தி மாலை ஒன்று கைப்பிடியில் தொங்கியது.

"சாமானெல்லாம் உள்ளுக்குத்தானே இருக்கு. வருசா வருசம் வைப்போம். மழைக்குக் கரைஞ்சிரும்" என்றார் அங்கே நின்ற லைன் வேலைக்காரர்.

ஒவ்வோர் ஆணியையும் எண்ணிய எனக்கு இது தெரியாமல் போனது வெட்கமாக இருந்தது. அதைவிட, மாமியார் வீட்டு வாசலைத் தாண்டி வந்தும் உள்ளே போகாதது உறுத்தியது. திரும்பும் வழியில் உள்ளே போனேன். கோழி இல்லை. சோற்றுக்குத் தேங்காய்ச் சம்பலும் பருப்பும் போட்டு, "மக வரலியா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து போனில் எடுத்துவந்த பெட்டியின் படத்தை மனைவியிடம் நீட்டினேன். அவள் அதைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தாள்.

"நீ வச்சதுதான் சரி. இன்னொருக்கா நீயே வச்சிரு" என்று பெட்டியை அவள் முன் வைத்தேன்.

"ஆயுத பூசைக்குத்தாங்க வைக்கிறது. அடுத்த வருசம் வைக்கிறேன்" என்று போனைத் திருப்பித் தந்தாள். "அது வரைக்கும் மாசா மாசம் கம்பளைக்குப் போவோம். பெட்டிய நான் போய்ப் பாத்துட்டு வாறேன். நீங்க அம்மாவோட உக்காந்து பேசிக்கிட்டு இருங்க."